கடப்பாக் கல்லும் காக்காப்பொன்னும்

அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"நான் ஆம்பூர்ப் பக்கம் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவள். மகள் இங்கே பெங்களூரில் இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாவது படிக்கிறாள். பூமி பற்றிய பாடத்தில் வரும் சொற்களை உருப்போட்டு எழுதுகிறாள், இரண்டு நாளில் மறந்துவிடுகிறாள். வெதரிங்கையும் எரோஷனையும் மாற்றி எழுதி மார்க் போனது. அவள் இக்னியஸ் என்கிறாள், எனக்குத் தீப்பாறை என்றுதான் தெரியும். கல், பாறை, கனிமம், தாது எல்லாம் ஒன்றுதானா? மாக்மாவும் லாவாவும் ஒன்றா? ரிக்டர் என்று செய்தியில் சொல்வது என்ன? இன்னொன்று. எங்கள் அபார்ட்மென்ட்டில் 1,100 அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் 350 அடியிலேயே வந்துவிட்டது. இதற்கும் அந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா? என் தமிழை வைத்துக்கொண்டு அவளுக்கு நான் உதவ முடியுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உதவ முடியும். அவளுக்கு டியூஷனே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு உங்களால் முடியும். 'செடிமென்ட்டரி' என்ற சொல்லை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் அது அவளுக்கு எதையும் சொல்லாது. 'படிவுப் பாறை' என்று நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். எதுவோ படிந்து உண்டான பாறை என்று சொல்லே விளக்கிவிடுகிறது. பரீட்சைக்கு அவளுடைய சொல் வேண்டும், புரிவதற்கு உங்களுடைய சொல் வேண்டும். ஒரு நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. இந்தச் சொற்களைத் தனித்தனியாக உருப்போட்டால் நிற்காது. ஒவ்வொரு சொல்லும் பக்கத்துச் சொல்லிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டத்தான் பிறந்திருக்கிறது. மாக்மா என்றால் என்ன என்று கேட்பதைவிட, லாவாவிலிருந்து அது எங்கே பிரிகிறது என்று கேட்டால் இரண்டும் ஒரே மூச்சில் மனதில் ஏறும். நான் முப்பது வருடமாக நிலத்தடி நீர் வேலை பார்க்கிறேன். இன்றும் ஒரு புதுச் சொல் வந்தால் அதன் ஜோடி எது என்றுதான் முதலில் தேடுவேன்.

சரி, சமையலறைக்கு வாருங்கள். உப்பு ஜாடியைத் திறந்து ஒரு கல்லுப்பை மகள் கையில் வையுங்கள். அதுதான் கனிமம். தானாக இயற்கையில் உண்டாக வேண்டும், திடப்பொருளாக இருக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பது நிர்ணயமாக இருக்க வேண்டும், அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கியிருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் அது கனிமம். உப்பில் எல்லாம் இருக்கிறது. அவள் டீச்சரிடம் கேட்டு மகிழ இன்னொரு செய்தி: மலை உச்சியில் உறைந்திருக்கும் பனிக்கட்டி கணக்குப்படி கனிமம்தான். உருகினால் இல்லை.

பாறை என்பது கனிமங்கள் சேர்ந்த கூட்டு. கிரானைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கியமாக மூன்று இருக்கின்றன. ஒன்று குவார்ட்ஸ். ஊரில் நாம் வெங்கச்சங்கல் என்போம், சிறு வயதில் இரண்டைத் தட்டித் தீப்பொறி பார்த்திருப்பீர்களே, அதேதான். இரண்டாவது மைக்கா. அது காக்காப்பொன். ஆற்று மணலில் மினுமினுத்து ஏமாற்றுவது. மூன்றாவதான ஃபெல்ட்ஸ்பாருக்கு நம் ஊர் வழக்கில் ஒரு பெயர் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும், கிரானைட்டில் பெரும்பங்கு அதுதான். ஆக, காக்காப்பொன் கனிமம், அது அடங்கிய கருங்கல் பாறை. 'கல்' என்பது நம் பேச்சு வழக்கு. கையில் எடுக்கும் அளவு என்றால் கல், மலையாகக் கிடந்தால் பாறை என்போம். நிலவியலுக்கு இரண்டும் பாறைதான்.

இப்போது மூன்று வகைப் பாறை. இதற்காக எங்கும் போக வேண்டாம், உங்கள் வீட்டிலேயே மூன்றும் இருக்கக்கூடும். அடுப்பு மேடையில் கிரானைட் என்று வாங்கிய, பாலிஷ் செய்த கருப்புக் கல் இருந்தால் அது தீப்பாறை. உருகிய குழம்பு ஆறி இறுகியது. கடையில் எல்லாவற்றையும் கிரானைட் என்றுதான் விற்பார்கள். ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வரும் 'பிளாக் கேலக்ஸி'யைக் கடைக்காரர் கிரானைட் என்பார், நிலவியலில் அது காப்ரோ வகை. இரண்டும் தீப்பாறைதான், ஆனால் கனிமங்கள் வேறு. மகளின் புத்தகம் கிரானைட் வெளிர் நிறம் என்கிறதே, வீட்டில் இருப்பது கருப்பாக இருக்கிறதே என்று அவள் குழம்பியிருந்தால் காரணம் இதுதான். அவள் கவனித்தது சரி.

பாத்திர அலமாரிக்குக் கடப்பாக் கல் போட்டிருப்பீர்கள். அது சுண்ணாம்புக் கல், படிவுப் பாறை. நீருக்கடியில் மெல்ல மெல்லப் படிந்தது. அதனால்தான் பலகை பலகையாகப் பிளந்து வருகிறது. உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் அதை நகத்தால் அல்ல, ஆணியால் கீறிப் பொடியாக்கி அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடச் சொல்லுங்கள், சின்னச் சின்னக் குமிழி வரும். சுண்ணாம்புக் கல்லை அடையாளம் காண நாங்கள் வெளியில் அமிலம் விட்டுப் பார்ப்பதும் இதே சோதனைதான். அடுப்பு மேடைக் கல்லின் தூளில் குமிழி வராது.

பூஜை அறையில் மார்பிள் இருக்கிறதா? அது உருமாறிய பாறை. சுண்ணாம்புக் கல்லே பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாட்டி, உருகாமலேயே மாறியது. 'உருகாமலேயே' என்பதை அவள் அடிக்கோடு போட்டுக்கொள்ளட்டும். உருகிவிட்டால் அது மறுபடி தீப்பாறைக் கணக்கில் போய்விடும். தீப்பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் நடுவே இருக்கும் கோடு அதுதான்.

உருமாறிய பாறைக்கு இந்த ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறை. அது நைஸ் வகை. இங்கிலீஷ் எழுத்தில் முன்னால் ஒரு ஜி வரும், சொல்லும்போது வராது. ஸ்பெல்லிங்கில் அவள் கோட்டைவிடும் இடம் அதுவாக இருக்கும். மைசூர் நிலவியல் துறையின் ஸ்மீத் என்பவர் 1916ல் இந்த வகைக்குப் பெனின்சுலர் நைஸ் என்று பெயர் வைத்தார். வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. பூமியின் வயதே 454 கோடி ஆண்டுதான். இமயமலை எழத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் எனக்கு அந்தப் பாறையைக் கையால் தொட வேண்டும் போலிருக்கும், தொட்டுவிட்டுத்தான் வருவேன். வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறி ஓடுவதை மகளுக்குக் காட்டுங்கள். அழுத்தத்தில் கனிமங்கள் வரிசை மாறி ஒதுங்கியதன் தடம் அது.

தாது என்பது வேறு வகைச் சொல். அதைப் புரியவைக்க நான் பிறந்த ஊரைச் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயல். என் அப்பா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உங்கள் வட ஆற்காட்டிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் அங்கே நிறைய. அங்கே தங்கம் பெரும்பாலும் வெங்கச்சங்கல் நரம்புகளுக்குள்தான் இருந்தது. அப்பா அதை 'ரீஃப்' என்பார். ஒரு பாறையில் உலோகம் இருப்பதால் மட்டும் அது தாது ஆகிவிடாது. எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இருந்தால்தான் தாது. தங்கவயலில் ஆழம் போகப் போகச் செலவு ஏறியது, கிடைக்கும் தங்கம் குறைந்தது, 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். உள்ளே மிச்சமிருக்கும் பாறை மாறவில்லை, அதில் தங்கமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தாது என்ற பெயர் அதை விட்டுப் போய்விட்டது. கனிமம் இயற்கை வைத்த கணக்கு, தாது மனிதன் போட்ட கணக்கு.

அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமானது. கீழே போகப் போகப் பாறை சுடும் என்று அப்பா சொல்வார். ஆனால் பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. நம் ஆட்கள் தோலைக்கூடத் தாண்டவில்லை.

மாக்மா, லாவாவுக்கு வருவோம். இரண்டும் ஒரே பாறைக் குழம்புதான். உள்ளே இருக்கும்வரை மாக்மா, வெளியே வந்துவிட்டால் லாவா. வீட்டு வாசல்படிதான் வித்தியாசம். இந்தியாவில் லாவா பார்க்க வேண்டுமானால் அந்தமானில் உள்ள பாரன் தீவுக்குப் போக வேண்டும். நெடுங்காலம் அமைதியாகக் கிடந்த அந்த எரிமலை 1991ல் மறுபடி விழித்தது. உள்ளே, வெளியே என்ற இந்த வித்தியாசத்தால் வரும் பலன்தான் முக்கியம். கற்கண்டு எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாகை அசைக்காமல் நாள் கணக்கில் ஆறவிட்டால் பெரிய பெரிய கட்டியாக விளையும். அதே பாகைக் கிளறிக்கொண்டே சீக்கிரம் ஆறவைத்தால் பொடிப்பொடியாகப் பூத்துவிடும். உள்ளேயே தங்கி மெதுவாக ஆறிய மாக்மா, கண்ணுக்குத் தெரியும் படிகங்களோடு கிரானைட் ஆகிறது. இங்கே பக்கத்தில் ராமநகரக் குன்றுகள் அப்படிப்பட்டவை, சுமார் 250 கோடி ஆண்டு பழையவை. வெளியே கொட்டிச் சட்டென்று ஆறிய லாவா, கரிய பொடிமணிப் பாறையான பசால்ட் ஆகிறது. மகாராஷ்டிரத்தில் பெரும்பகுதி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். பூமியின் மேலோட்டுக்குக் கீழே எங்கும் நெருப்புக் குழம்புக் கடல் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருக்கும் கவசம் ஏறக்குறைய முழுதும் திடமான பாறை. மிக மிக மெதுவாக இழையும், அவ்வளவுதான். அதற்குக் கீழே வெளிக்கரு, அதுதான் உண்மையில் உருகிய இரும்பும் நிக்கலும். நடுவில் உட்கரு, மறுபடியும் திடம். நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்துக்குள் நுழையாது. எந்த இடத்தில் அது நின்றுபோகிறது என்று பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் தனியாக ஓர் உட்கரு இருப்பதை 1936ல் சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண்மணி. இதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

மார்க் போன விஷயம். உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு பொரிந்து பொரிந்து உதிர்கிறது என்று வையுங்கள். அது சிதைவு, வெதரிங். உதிர்ந்ததைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறீர்கள். அது அரிப்பு, எரோஷன். மூலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். அது படிவு, டெபாசிஷன். சிதைவு இருந்த இடத்திலேயே நடக்கும், அரிப்பு என்றால் அங்கிருந்து நகர்ந்தாக வேண்டும். நகர்ந்ததா இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதினால் அவள் இனி மாற்றி எழுத மாட்டாள்.

லால்பாக் பாறையில் விரிசலுக்குள் புல் முளைத்திருப்பதைப் பார்க்கலாம். வேர் பருத்து விரிசலை அகட்டுகிறது, மழை நீர் உள்ளே இறங்கிக் கனிமங்களை மெல்லக் கரைத்து மாற்றுகிறது. ஃபெல்ட்ஸ்பார் அப்படித்தான் களிமண்ணாகிறது. பாறையில் உள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. பெங்களூரின் செம்மண்ணுக்குச் சிவப்பு கொடுத்தது அந்தத் துருதான். அதாவது இந்த ஊர்ச் செம்மண் பெரும்பாலும் கீழே இருக்கும் இதே பாறை சிதைந்து, இருந்த இடத்திலேயே தங்கியது. தஞ்சாவூர் வண்டல் அப்படி இல்லை. குடகிலும் வழியெங்கும் சிதைந்ததைக் காவிரி அரித்துக்கொண்டு வந்து, சமவெளியில் வேகம் குறைந்ததும் இறக்கி வைத்தது. உங்கள் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது என்றால் அந்த ஆறு செய்யும் வேலையின் கதையை அதோடு சேர்த்தே மகளுக்குச் சொல்லலாம். மூன்று சொல்லும் ஒரே ஆற்றில் இருக்கின்றன.

நிலநடுக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயில் திருவிழாவில் தவில் அடிக்கிறார்கள். அடி எவ்வளவு பலம் என்பது ஒரே அளவு. அது மேக்னிடியூட். தேரடி வீட்டில் காது அடைக்கும், கடைசித் தெருவில் மெல்லக் கேட்கும். அந்தந்த இடத்தில் எவ்வளவு உணர்ந்தோம் என்பது இன்டென்சிட்டி, தீவிரம். ஒரு நிலநடுக்கத்துக்கு மேக்னிடியூட் ஒன்றுதான், தீவிரம் ஊருக்கு ஊர் மாறும். ரிக்டர் 1935ல் தன் அளவுகோலைத் தந்தார். இன்று பெரிய நிலநடுக்கங்களுக்குக் கணக்கிடும் முறை வேறு, செய்தியில் பழக்கத்தால் ரிக்டர் என்கிறார்கள். ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு கூடினால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கம் 7.7. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்தன. அடியில் மெத்தென்ற வண்டல் இருந்தால் அதிர்வு கூடும், கட்டடம் பலவீனமாக இருந்தால் விழும். மேக்னிடியூட் எண் மட்டும் பார்த்துச் சேதத்தைச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். கீழே பாறை நழுவத் தொடங்கிய இடம் ஃபோகஸ், மையம். அதற்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளி எபிசென்டர், வெளிமையம். அவ்வளவுதான்.

இனி உங்கள் போர். பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இதைவிட நேரான சம்பந்தம் இருக்க முடியாது.

உங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கீழே வரிசையாக என்ன இருக்கும்? மேலே செம்மண். அதன்கீழ் மொரம்பு, சிதைந்து பாதி மண்ணாகிவிட்ட பாறை. அப்புறம் விரிசல் விட்ட பாறை. அதற்கும் கீழே கெட்டியான நைஸ், லால்பாக்கில் வெளியே தெரிகிற அதே வகை. கெட்டி நைஸுக்குள் மணலில் இருப்பதுபோல் இடைவெளி கிடையாது, தண்ணீர் தங்க இடமே இல்லை. மேலே சிதைந்த அடுக்கில் நீர் தங்கும். கீழே இருப்பதெல்லாம் விரிசல்களில் மட்டும்தான். நீரைத் தேக்கி வைத்து நமக்குத் தரவும் கூடிய அடுக்குக்கு அக்விஃபர், நீர்த்தாங்கி என்று பெயர். தேக்கினால் மட்டும் போதாது. ஏரிக் களிமண் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும், விடாது. மணல் விடும். தேக்கி வைக்க இடம் இருப்பது நுண்துளைத்தன்மை, போராசிட்டி. நீரைப் பாயவிடுவது ஊடுருவும்தன்மை, பெர்மியபிலிட்டி. இந்த இரண்டு சொற்கள் அவள் பாடத்தில் வந்தால் இந்தக் களிமண்ணையும் மணலையும் சொல்லுங்கள்.

அடியில் நதி ஓடுகிறது, சரியான இடத்தில் குத்தினால் பீறிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். நம் பாறையில் நதி இல்லை, விரிசல்தான் உண்டு. கிணறு வெட்டும் நம் ஆட்கள் ஊற்றுக்கண் என்று அழகாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஆறரை அங்குலத் துளை 350 அடியில் ஒரு ஊற்றுக்கண்ணைத் தொட்டுவிட்டது. உங்களுடையது சில அடி தள்ளி, ஒரு விரிசலையும் தொடாமல் நேராகக் கீழே போய்விட்டது. பொதுவாக ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் பாரத்தால் விரிசல்கள் குறுகும், எண்ணிக்கையும் குறையும். 1,100 அடியில் கிடைக்காதது 1,500 அடியில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துப் பணத்தை அதில் போட விடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படிப் பணம் போன பல கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த போர் போடுவதாக இருந்தால் முதலில் மின்தடை ஆய்வு, அதாவது ரெசிஸ்டிவிட்டி சர்வே, செய்யச் சொல்லுங்கள். ஈரமான விரிசல் பகுதியில் மின்சாரம் எளிதாகப் பாயும், கெட்டிப் பாறையில் பாயாது. அது உத்தரவாதம் தராது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குத்துவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னும் ஒரு சொல்: ரீசார்ஜ், நீர் ஊட்டுதல். வாட்டர் டேபிள் என்கிற நிலத்தடி நீர்மட்டம் மழையில் ஏறி, நாம் இறைக்க இறைக்க இறங்கும். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 30க்கு 40 அடி மனை ஒன்றில் விழுவது மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கை மகளையே போடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் மொட்டை மாடியை அளந்து அவளே அபார்ட்மென்ட்டுக்கும் போடட்டும். அந்த நீரை வடிகட்டி, சிதைந்த அடுக்குவரை போகும் ஒரு ஊட்டுக் கிணற்றில் இறக்குவதைத்தான் நான் சங்கத்துக்குச் சொல்வேன். வடிகட்டாத அழுக்கு நீரை நேராக அந்த வறண்ட போருக்குள் விடாதீர்கள். கீழே கெட்டால் சரிசெய்வது மிகவும் கடினம்.

ஊட்டுக் கிணறு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு உங்களிடமே ஒரு தகவல் இருக்கும். போர் போட்டவர் மேல்பகுதி சரியாமலிருக்கக் கேஸிங் பைப் இறக்கியிருப்பார். கெட்டிப் பாறை தொடங்கும் இடம்வரைதான் அதை இறக்குவார்கள். பில்லில் கேஸிங் எத்தனை அடி என்று எழுதியிருக்கும். உங்கள் கட்டடத்துக்கு அடியில் பாறை எத்தனை அடி ஆழம்வரை சிதைந்திருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் நல்ல அடையாளம். அதைப் பார்த்து எனக்கு எழுதுங்கள், கிணற்றின் ஆழத்தைப் பற்றி அப்போது சொல்கிறேன்.